பெயர்களில் வாழும் நகரம்

புனேயின் பழைய பேட்டைகளைச் சுற்றிப் பார்க்க வண்டியும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். நாலு கிலோமீட்டர் நடந்தால் போதும். ஆனால் பார்க்க இருப்பவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன.

பழைய புனேயில் வழி கேட்டால் கதவு எண் கிடைப்பது அரிது. ஒரு சாமியின் பெயர்தான் கிடைக்கும். அதுவும் சாதாரணப் பெயராக இருக்காது.

ஜில்ப்யா மாருதி என்றால் ஜிலேபி ஆஞ்சநேயர். பக்கத்துக் கடை மிட்டாய்க்காரர் ஜிலேபியில் மாலை கட்டிச் சாத்தியதால் வந்த பெயர் என்கிறார்கள். பாசோட்யா விட்டோபா கோயில் அருகே ஒரு காலத்தில் கெட்டிப் போர்வைகள் விற்றார்கள். சாமி போர்வை விட்டலர் ஆகிவிட்டார். துல்யா மாருதி ஆடிய ஆஞ்சநேயர். 1761-ல் பானிபட்டில் மராட்டியப் படை அழிந்தபோது சிலை ஆடியது என்பது ஐதீகம். சதாசிவப் பேட்டையில் புல்லாங்குழலோடு நிற்கும் கண்ணனின் பெயர் இன்னும் விபரீதம்: கூன்யா முரளிதர், அதாவது கொலைகார முரளிதரர். பிரதிஷ்டை சமயத்தில் கோயில் வாசலில் நடந்த கைகலப்பில் ரத்தம் சிந்தியதன் நினைவு அது. உபவாச விட்டலரும் வாய் திறக்காத கணபதியும்கூட உண்டு.

இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே ஒருவர் புனேயின் மூன்று நூற்றாண்டுகளை நடந்து கடந்துவிடலாம். நடக்கத் தொடங்குவதற்கு முன் இன்னொரு நகரத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

ஜெர்மனியின் ஹானோவர் நகரில் வெளியூர்க்காரர்களுக்காகத் தரையிலேயே ஒரு சிவப்புக் கோடு வரைந்திருக்கிறார்கள். 4.2 கி.மீ. நீளமுள்ள அந்தக் கோட்டின் மீது நடந்தால் 36 முக்கிய இடங்களைப் பார்த்துவிடலாம். கையில் ஒரு சிறு புத்தகம் இருந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த நகரின் பழைய பகுதி பெரும்பாலும் பழையதே அல்ல. 1943-ல் விழுந்த குண்டுகளில் அது எரிந்து போயிற்று. போருக்குப் பின் நகரின் வெவ்வேறு மூலைகளில் தப்பி நின்ற மரச்சட்ட வீடுகளின் முகப்புகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்து நிறுத்தினார்கள். இல்லாத பழமையை அப்படித் திரட்டினார்கள்.

புனேயின் மீது குண்டு எதுவும் விழவில்லை. இங்கேயும் மரச்சட்ட வீடுகள்தான். அவை போர் இல்லாமலே போய்க்கொண்டிருக்கின்றன.

கிழமைகளின் ஊர்

புனேயின் பழைய நகரம் பேட்டைகளால் ஆனது. மராத்தியில் பேட் என்றாலும் தமிழில் பேட்டை என்றாலும் பொருள் ஒன்றுதான்: சந்தையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு. சைதாப்பேட்டையும் ராணிப்பேட்டையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புனேயின் சிறப்பு, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் இங்கே பேட்டை உண்டு என்பது. சோமவார், மங்கள்வார், புதவார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார். ஆக, புதவார் பேட்டை புதன்கிழமைப் பேட்டை. அந்தந்தக் கிழமையில் அங்கே சந்தை கூடியதால் வந்த பெயர்கள் என்று சொல்கிறார்கள். பானிபட்டில் மாண்ட சதாசிவராவ் பாவுக்கு ஒரு பேட்டை, கொலையுண்ட நாராயணராவுக்கு ஒரு பேட்டை என்று ஆட்களின் பெயரிலும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மூத்தது கஸ்பா பேட்டை. எட்டாம் நூற்றாண்டு ராஷ்டிரகூடர் செப்பேடுகளிலேயே புண்ய விஷயம், புனக விஷயம் என்று இந்தப் பகுதி பேசப்படுகிறது. ஔரங்கசீப் இதற்கு முஹியாபாத் என்று பெயர் மாற்றினார். பெயர் நிலைக்கவில்லை.

சனிக்கிழமை அரண்மனை

நடையைத் தொடங்க வசதியான இடம் சனிவார் வாடா. வெளியூர்க்காரர் யாரைக் கேட்டாலும் கைகாட்டும் இடம் அது. நல்ல காரியத்துக்குச் சனிக்கிழமையைத் தவிர்ப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730 ஜனவரி 10 சனிக்கிழமை இதற்கு அடிக்கல் நாட்டி, 1732 ஜனவரி 22 சனிக்கிழமை புதுமனை புகுந்தார். செலவு 16,110 ரூபாய் என்று கணக்கு சொல்கிறது.

வடக்கே, தில்லியைப் பார்த்த வாசலுக்குத் தில்லி தர்வாசா என்று பெயர். யானைகள் முட்டித் தள்ளாதபடி கதவு முழுக்க இரும்பு முட்கள். பெரிய கதவுக்குள் ஆள் குனிந்து நுழைய ஒரு சிறிய கதவு. தமிழில் திட்டிவாசல் என்போமே, அதேதான். அதன் வழியே ஒரு சமயத்தில் ஒருவர்தான் போக முடியும், அதுவும் தலையைக் குனிந்து. காவல்காரனுக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. 1773 ஆகஸ்ட் 30 அன்று பதினெட்டு வயது பேஷ்வா நாராயணராவை அரண்மனைக் காவலர்களே உள்ளே வெட்டிக் கொன்றார்கள். சித்தப்பா ரகுநாதராவுக்கு அதில் பங்கு உண்டு என்று நீதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே தீர்ப்பளித்தது மராட்டிய வரலாற்றில் புகழ்பெற்றது. 1817 நவம்பர் 5-ல் கட்கி போரில் பேஷ்வாவின் படை தோற்றது. அதே மாதம் 17-ம் தேதி சனிவார் வாடாவின் மீது ஆங்கிலேயர் கொடி ஏறியது. 1828-ல் பிடித்த தீ, உள்ளே இருந்த மாளிகையைத் தின்று தீர்த்தது. இன்று இருப்பவை மதில், வாசல்கள், அடித்தளங்கள், தாமரை வடிவ நீரூற்றுத் தொட்டி. உள்ளே போய்ப் பார்ப்பவர் பார்ப்பது ஒரு பெரிய வீட்டின் தரைப்படத்தைத்தான்.

தஞ்சைக்குப் பங்காளிகள்

சாலையைக் கடந்தால் லால் மகால். ஷாஜி போஸ்லே தன் மனைவி ஜீஜாபாய்க்கும் மகன் சிவாஜிக்கும் கட்டிய வீடு இருந்த பகுதி இது. ஷாஜியின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த வெங்கோஜிதான் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவியவர். சரஸ்வதி மகாலைப் பார்த்த தமிழருக்கு அதன் பங்காளி வீடு இது.

1663 ஏப்ரல் 5 இரவு, இங்கே முகாமிட்டிருந்த மொகலாயத் தளபதி ஷாயிஸ்தா கான் மீது சிவாஜி சிறு படையோடு பாய்ந்தார். கான் விரல்களை இழந்து தப்பினார். அந்த வீடு எப்போதோ அழிந்துவிட்டது. இப்போது நிற்பது 1980-களில் மாநகராட்சி கட்டியது. முற்றத்தில் ஜீஜாபாயும் சிறுவன் சிவாஜியும் தங்கக் கலப்பை பூட்டி உழும் சிலை இருக்கிறது. பகைவர்கள் பாழாக்கிய ஊரை மீண்டும் குடியேற்றியதன் அடையாளம். அருகே நின்ற தாதோஜி கொண்டதேவின் சிலையை 2010 டிசம்பரில் மாநகராட்சி அகற்றியது. அவர் சிவாஜிக்கு ஆசிரியரா இல்லையா என்ற சச்சரவின் முடிவு அது. இந்த ஊரில் வரலாறு பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை.

சில நிமிட நடையில் கஸ்பா கணபதி. ஜீஜாபாய் எழுப்பிய கோயில், ஊரின் கிராம தேவதை. விநாயகர் விசர்ஜன ஊர்வலத்தில் இவர் கிளம்பாமல் வேறு யாரும் கிளம்ப முடியாது. தாம்படி ஜோகேஸ்வரி, குருஜி தாலிம், துளசிபாக், கேசரி வாடா என்று அடுத்த நான்கு இடங்களின் வரிசையும் மாறாது. குருஜி தாலிம் கணபதி விழாவை இந்து, முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கியதாக வரலாறு. ஐந்தும் பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கஸ்பாவின் உட்சந்துகளில் திரும்பினால் கண்ணுக்கு முன்னால் காது விழித்துக்கொள்கிறது. தாம்பட் ஆளி, செம்புக் கன்னார்களின் தெரு. பேஷ்வாக்கள் காலத்தில் குடியேறிய இவர்கள் அரண்மனைக்கும் படைக்கும் சாமான் செய்து கொடுத்தவர்கள். செம்புத் தகட்டின் மீது சுத்தியலால் ஒரே அளவாக, நெருக்கமாகக் குழி அடித்துக்கொண்டே போவது இவர்களது கைவேலை. அந்தக் குழிகள் அழகுக்கு மட்டுமல்ல. அடிக்க அடிக்கத் தகடு இறுகிப் பாத்திரம் உறுதிப்படும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைத்தெருவை அறிந்தவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. எவர்சில்வர் வந்த பின் அங்கே நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. பட்டறைகள் குறைந்துவிட்டன. மீதியிருப்பவை அலங்காரச் சாமான்களாலும் மீண்டும் மவுசு வந்திருக்கும் செம்புத் தண்ணீர்ப் பாத்திரங்களாலும் பிழைத்திருக்கின்றன.

மழைக்குக் காத்திருக்கும் வீடுகள்

வாடாக்களை நின்று பார்க்க வேண்டிய இடம் இந்தச் சந்துகள்தான். வாடா என்பது நம் ஊர் நாலுகட்டு வீட்டின் உறவு. கருங்கல் அடித்தளம், தேக்குத் தூண்கள், உத்தரங்கள், நடுவே செங்கல் சுவர், ஓட்டுக்கூரை. தெருவைப் பார்க்கப் பெரிய கதவு, உள்ளே முற்றம், முற்றத்தில் துளசி மாடம், கிணறு. வசதியான வீடென்றால் இரண்டு முற்றம், மூன்று முற்றம். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வாடாவில் பின்னாளில் அறைக்கு ஒரு குடும்பமாகப் பல குடும்பங்கள் குடியேறின. முற்றம் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. 1947-ன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைப் பழைய அளவிலேயே நிறுத்திவைத்தது. போருக்குப் பின் வீடில்லாமல் தவித்தவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஓடு மாற்றும் செலவுக்கே வாடகை போதவில்லை. சொந்தக்காரரின் வாரிசுகள் பெருகினார்கள். யார் பழுது பார்ப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. குடியிருப்பவருக்கோ தன்னுடையதல்லாத கூரைக்குச் செலவழிக்க மனமில்லை. 1999-ல் புதுச் சட்டம் வந்தபோது பல வாடாக்களின் உத்தரங்கள் உளுத்திருந்தன. நகரின் நடுவில் மனையின் விலையோ வானத்தில் இருந்தது.

அதனால் வாடா இடிந்தால் சொந்தக்காரருக்கு நஷ்டமில்லை. புது அடுக்குமாடியில் குடித்தனக்காரருக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் ஆபத்தான கட்டடங்களுக்கு மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டுகிறது. சுவர் விழுவதும் ஆட்கள் சிக்குவதும் நடக்கத்தான் செய்கிறது. இதில் யாரையும் குறை சொல்வது எளிதல்ல. ஒழுகும் கூரையின் கீழ் குழந்தையை வைத்துக்கொண்டு படுப்பவரிடம் பாரம்பரியம் பற்றிப் பேச முடியாது.

ஒரு பள்ளிக்கூடத்தின் கதை

சிவாஜி சாலைக்குத் திரும்பித் தெற்கே நடந்தால் தகடுசேட் ஹல்வாய் கணபதி. எந்த நேரமும் கூட்டம். பெரும்பாலோர் கணபதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

அங்கேதான் பிடே வாடா இருந்தது. 1848-ல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய வீடு. இந்தியர்கள் தாங்களே பெண்களுக்கென நடத்திய முதல் பள்ளிகளில் ஒன்று. பாடம் நடத்தப் போகும் சாவித்திரிபாய் மீது தெருவில் சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள் என்றும், மாற்றிக்கொள்ள இன்னொரு புடவை எடுத்துச் செல்வார் என்றும் சொல்வார்கள். அந்தத் தெரு இதுதான்.

வீட்டை நினைவிடமாக்க வேண்டும் என்று பேசப்பட்ட ஆண்டுகளில் கீழே கடைகள் இயங்கின, மேலே கூரை சரிந்தது. கடைக்காரர்களுக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு நீண்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் மாநகராட்சிக்குச் சாதகமாக முடிந்தது. அந்த டிசம்பரில் ஓர் இரவில் கட்டடத்தை இடித்தார்கள். அதே இடத்தில் நினைவிடம் எழுப்புவதற்காக. காப்பாற்ற வேண்டிய காலத்தில் காப்பாற்றாததால், காப்பாற்றும் உரிமை கிடைத்தபோது இடிப்பதைத் தவிர வழியில்லை என்ற நிலை. பேஷ்வாவின் மதிலுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால் 1848-ன் படிக்கட்டு ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

கூட்டத்தோடு தெற்கே, லட்சுமி சாலையைத் தாண்டினால் துளசிபாக். வளையல், குங்குமச்சிமிழ், அடுக்களைச் சாமான், பொம்மை என்று பெண்கள் கூட்டம் நெரியும் சந்தைக்கு நடுவே ஒரு ராமர் கோயில். நாரோ அப்பாஜி என்ற பேஷ்வா அதிகாரி 1763-ல் தொடங்கிய திருப்பணி 1795-ல்தான் முடிந்தது. சந்தை இரைச்சலிலிருந்து பத்தடி உள்ளே வந்தால் மரத்தூண் மண்டபம், உயர்ந்த விமானம், அமைதி.

இன்னும் சற்றுத் தெற்கே காய்கறிச் சந்தையான மண்டை. நடுவில் எட்டுப் பட்டைக் கோபுரம், அதிலிருந்து பிரியும் கற்கட்டடக் கைகள். சனிவார் வாடாவின் முன்வெளியில் கூடிய சந்தைக்காக ஆங்கிலேயர் காலத்தில் கட்டி, 1886-ல் பம்பாய் கவர்னர் ரே பிரபுவின் பெயரில் திறந்தார்கள். நகராட்சி உறுப்பினராக இருந்து இந்தச் செலவை எதிர்த்தவர் ஜோதிராவ் புலே. அந்தப் பணத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது அவர் வாதம். இன்று இதன் பெயர் மகாத்மா புலே மண்டை. பள்ளி நடத்திய வீட்டை இழந்தவருக்கு, வேண்டாம் என்று சொன்ன கட்டடம் கிடைத்தது. கால் வலிக்காதவர்கள் இன்னும் சற்றுத் தொலைவு நடந்து பழைய கஞ்ச் பேட்டையில் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்க்கலாம். 1868-ல் தீண்டப்படாதோருக்கு அவர் திறந்துவிட்ட தண்ணீர்த் தொட்டி அங்கே இருந்ததுதான்.

மண்டைக்கு அடியிலும் கஸ்பா பேட்டைக்கு அடியிலும் 2024 செப்டம்பர் முதல் மெட்ரோ ஓடுகிறது. அதற்காகத் தோண்டியபோது, 2019-ல் ஸ்வார்கேட் அருகே பழைய சுரங்கக் கால்வாய் ஒன்று வெளிப்பட்டது. 18-ம் நூற்றாண்டில் நானாசாகேப் பேஷ்வா காத்ரஜ் ஏரியிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவர அமைத்த ஏற்பாட்டை அது எல்லோருக்கும் நினைவூட்டியது. நிலத்தடிக் கால்வாய் வழியே வந்த தண்ணீர் பேட்டைகளில் இருந்த பொதுத் தொட்டிகளில் விழுந்தது. தொட்டிகள் பல மூடப்பட்டுவிட்டன. சதாசிவப் பேட்டை ஹௌத், காளா ஹௌத் என்று அவற்றின் பெயர்கள் மட்டும் புழங்குகின்றன. ஹௌத் என்றால் தொட்டி.

ஆற்றங்கரையில் முடியும் வழி

பாஜிராவ் சாலையில் நிற்கும் விஸ்ராம்பாக் வாடா, வாடா கட்டடக் கலை எப்படி இருந்தது என்பதற்கு எஞ்சிய நல்ல சாட்சி. கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனக்காகக் கட்டிய வீடு. வாசலுக்கு மேலே நீண்டிருக்கும் மர மாடத்தின் செதுக்கு வேலையைச் சாலையில் நின்றே பார்க்கலாம். பேஷ்வா ஆட்சி போன பின் 1821-ல் ஆங்கிலேயர் இதில் சம்ஸ்கிருதப் பாடசாலை நடத்தினார்கள். 1879-ல் தீ வைக்கப்பட்டதில் ஒரு பகுதி எரிந்தது. பிறகு நகராட்சி அலுவலகம் இயங்கியது. அலுவலகமும் பள்ளியும் நடந்ததால்தான் ஓட்டை மாற்ற எப்போதும் ஒருவர் இருந்தார். வீடு பிழைத்துக்கொண்டது.

அங்கிருந்து வடமேற்கே நாராயணப் பேட்டையில் நடை முடிகிறது. பரோடா கெய்க்வாட்டுகளிடமிருந்து 1905-ல் பால கங்காதர திலகர் வாங்கிய வாடா, இன்று கேசரி வாடா. வ.உ.சி.யும் பாரதியும் தலைவராக ஏற்றவரின் வீடு. 1907-ல் சூரத் காங்கிரசில் தமிழ்நாட்டுத் தீவிரவாதிகள் அவர் பக்கம்தான் நின்றார்கள். அவர் நடத்திய பத்திரிகையின் பெயர் இன்றும் வீட்டுக்கு நிலைத்திருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் முட்டா ஆறு. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து இந்த ஆற்று வழியாக வந்த வெள்ளம் நாராயண, சனிவார், கஸ்பா பேட்டைகளுக்குள் புகுந்தது. ஒரே நாளில் எத்தனையோ வாடாக்கள் கரைந்து விழுந்தன. அதற்குப் பின் விழுந்தவை வெள்ளமில்லாமல், ஒவ்வொன்றாக, ஆளில்லாத நேரம் பார்த்து விழுந்தவை. மாநகராட்சியிடம் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் இருக்கிறது. தரம் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பட்டியலால் கூரைக்கு ஓடு மாற்ற முடியாது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பொறுப்பாளர் உண்டு. சாதாரணக் குடும்பங்கள் இருநூறு ஆண்டு வாழ்ந்த வீட்டுக்கு அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

நடக்க விரும்புகிறவர்கள் காலை ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது. கடைகள் திறந்துவிட்டால் தலையைத் தூக்கி மாடங்களைப் பார்க்க இடமிருக்காது. மத்தியானம் ஒரு மணிக்குக் கடையை மூடி நாலு மணிக்குத் திறக்கும் பழைய புனே வழக்கமும் முற்றிலும் போய்விடவில்லை. திறந்திருக்கும் வாடாவுக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது மரியாதை. அது காட்சிச்சாலை அல்ல, யாரோ சமைத்துக்கொண்டிருக்கும் வீடு.

சிவப்புக் கோடு இல்லாவிட்டாலும் வழி தவறாது. பிடே வாடா எங்கே என்று கேட்டால் இன்றும் கை நீட்டிக் காட்டுவார்கள். அது இடிந்துவிட்டதே என்று யாரும் சொல்வதில்லை.